பிழை கூறும் தூது: கேர்ணலும் ஐ.சி.எம்.பி. அறிவித்தல்களும் - ஒரு வரலாற்று நோக்கு

செய்திப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் உரிய இடத்தைச் சென்றடைந்த செய்திகளையே பெரும்பாலும் கருத்திற் கொள்வர். சென்றடையாத செய்திக்கு என்ன நேர்ந்தது, அது சேரவில்லை என்பதை அனுப்பியவர் எவ்வாறு அறிந்தார் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. உரியவரைக் காணாத கடிதத்தைத் தபாற்காரர், காரணத்தை உறையின் மேற் குறித்து, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். திரும்பி வந்த கடிதம் ஏமாற்றந் தருவதே. ஆயினும், எதுவுமே வராத நிலையிலும் பார்க்க அது மேலானது. அடுத்துச் செய்யவேண்டியது யாதென்பதை அது உணர்த்துகின்றது.

கணனி வலையமைப்புக்களிலும் இத்தகையதோர் ஏற்பாடு உண்டு. இணையக் கட்டுப்பாட்டுச் செய்தி நடப்பொழுங்கு என்று தமிழிற் கூறத்தக்க அது, ஐ.சி.எம்.பி. என்னும் சுருக்கப் பெயராலேயே பரவலாக அறியப்படுகின்றது. அனுப்பப்பட்ட தரவுப் பொதி வழியிலே கைவிடப்பட்டால் அதன் காரணத்தை அனுப்பிய கணனிக்கு அறிவிப்பதும், வழியின் நிலையைச் சோதிப்போருக்கு விடையளிப்பதும் அதன் பணிகளாம். இவ்வறிவித்தல்களைப் பெற்று அவற்றின்மீது செயற்படுவது, பணிசெயல் முறைமையின் கருப்பகுதியாகிய கேர்ணல் ஆகும். பயனர் இயக்கும் நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் சாதனங்களையும் வலையமைப்பையும் ஆளுவது அதுவே.

ஐ.சி.எம்.பி. அறிவித்தலில் அதை அனுப்பியவர் இன்னார் என உறுதிப்படுத்தும் முத்திரை எதுவும் இல்லை. எனவே வந்த தூதை நம்புவதா என்னும் வினா கேர்ணலின் முன் எப்போதும் நின்றது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வினாவுக்கு அளிக்கப்பட்டுவந்த விடைகளை நோக்குமிடத்து, நம்பிப் பணிந்த காலம், அஞ்சித் தடுத்த காலம், ஆராய்ந்து ஏற்கும் காலம் என மூன்று கட்டங்களை அவதானிக்கலாம். முதலாவது நிலை ஆபத்தானது என்பதைப் பலரும் அறிவர். இரண்டாவது நிலையும் பெருங்கேடு விளைத்தது என்பதையே இவ்வரலாறு சிறப்பாக உணர்த்துகின்றது.

தூதின் தேவை

1969 ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயங்கத் தொடங்கிய ஆர்பாநெற் வலையமைப்பிலே, ஒவ்வொரு நிலையத்திலும் ஐ.எம்.பி. எனப்பட்ட சிறு கணனியொன்று வைக்கப்பட்டிருந்தது. போல்ற் பெரனெக் அன்ட் நியூமன் நிறுவனம் உருவாக்கிய இக்கணனிகளே செய்திகளைச் சுமந்து சென்றன. செய்தி சேர்ந்தால் அடுத்ததை அனுப்பலாம் என்றும், சேருமிடம் செயலற்றிருந்தால் அது செயலற்றுள்ளது என்றும், இடையிலே தடைப்பட்டால் முழுமையாகச் சேரவில்லை என்றும் அவை அனுப்பிய கணனிக்குத் தெரிவித்தன. பொறுப்பை ஏற்றதும் வலையமைப்பே. பிழையைக் கூறியதும் வலையமைப்பே.

1974 ஆம் ஆண்டு வின்டன் சேர்வ், ரொபேட் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்நிலையை மாற்றிற்று. வெவ்வேறு இயல்புடைய வலையமைப்புக்களை ஒன்றோடொன்று இணைக்க முற்பட்ட அவர்கள், நடுவிலுள்ள நுழைவாயிற் கணனிகளின் பணியை எளிதாக்கி, செய்தி முழுமையாகச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பை இரு முனைகளிலும் உள்ள கணனிகளிடம் ஒப்படைத்தனர். இதன் விளைவாக ஒரு முரண்நிலை தோன்றிற்று. இழப்பை ஈடுசெய்யவேண்டியது முனையிலுள்ள கணனி. இழப்பின் காரணத்தை அறிந்ததோ நடுவிலுள்ள கணனி. பொறுப்பும் அறிவும் இவ்வாறு பிரிந்து நின்றமையால், இரண்டையும் இணைப்பதற்கு ஒரு தூது வேண்டியதாயிற்று.

அத்தூதின் இலக்கணத்தை 1981 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 792 என்னும் ஆவணம் வகுத்தது. தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் பொஸ்ரல் அதனை எழுதினார். சேருமிடத்தை அடைய இயலவில்லை, பொதியின் ஆயுள் முடிந்தது, வேகத்தைக் குறைக்குக, வேறு வழியாகச் செல்க, எதிரொலி தருக முதலிய செய்தி வகைகள் அதில் விதிக்கப்பட்டன. ஐ.பி. நடப்பொழுங்கைக் கையாளும் ஒவ்வொரு கணனியும் ஐ.சி.எம்.பி.யையும் கையாளவேண்டும் என்பது விதி.

இரண்டு ஏற்பாடுகள் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, பிழை அறிவித்தலைப் பற்றி இன்னொரு பிழை அறிவித்தல் அனுப்பலாகாது என்பதாகும். இத்தடை இல்லாவிடின் ஒரு முறைப்பாடு மறு முறைப்பாட்டைப் பிறப்பித்து, வலையமைப்பு முழுவதும் முறைப்பாடுகளே நிறைந்துவிடும். இரண்டாவது, கைவிடப்பட்ட பொதியின் ஐ.பி. தலைப்பகுதியும் அதனை அடுத்துள்ள தரவின் முதல் 64 பிற்றுக்களும் அறிவித்தலினுள்ளே சேர்க்கப்படவேண்டும் என்பதாகும். 64 பிற்றுக்கள் எட்டுப் பைற்றுக்களே. ஆயினும், அச்சிறிய பகுதியினுள்ளே அனுப்பிய துறையின் எண், பெறும் துறையின் எண், ரி.சி.பி. பொதியாயின் அதன் தொடரெண் ஆகியன அடங்கிவிடும். எந்த உரையாடலைப் பற்றிய முறைப்பாடு இது எனக் கேர்ணல் கண்டுகொள்வதற்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு, பிற்காலத்தில் வேறொரு பயனையும் தருவதாயிற்று.

கேர்ணலின் பணி

1983 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஆர்பாநெற் புதிய நடப்பொழுங்குகளுக்கு மாறியது. அதே ஆண்டிலே கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்னும் யுனிக்ஸ் வெளியீடு வந்தது. பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பரவிய இவ்வெளியீட்டின் கேர்ணலிலே ஐ.சி.எம்.பி.யைக் கையாண்ட முறை, பின்வந்த முறைமைகள் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று.

அம்முறையைச் சுருக்கமாகக் கூறின், வந்த அறிவித்தலின் நீளமும் சரிபார்ப்புத் தொகையும் முதலிலே சோதிக்கப்படும். அடுத்து அதன் வகை நோக்கப்படும். எதிரொலி கேட்கும் செய்தியாயின் கேர்ணல் தானே விடையளித்துவிடும். எந்தப் பயனர் நிரலும் விழித்தெழவேண்டியதில்லை. பிழை அறிவித்தலாயின், ஐ.சி.எம்.பி.யின் எண்கள் கேர்ணலுக்குள் வழங்கும் பொதுவான பிழைக் குறியீடாக மாற்றப்பட்டு, ரி.சி.பி. அல்லது யூ.டி.பி. பகுதியிடம் ஒப்படைக்கப்படும். அப்பகுதி, அறிவித்தலினுள்ளே மேற்கோளாக வந்த விவரங்களைக் கொண்டு உரிய தொடர்பைத் தேடிக் காணும். இறுதியில், தொடர்பு மறுக்கப்பட்டது, அவ்விடத்துக்கு வழியில்லை என்பன போன்ற செய்திகளாக அது பயனரின் நிரலை அடையும். இவை தவிர, சோதனை நிரல்கள் கேட்டிருப்பின், அறிவித்தலின் பிரதியொன்று அவற்றுக்கும் வழங்கப்படும்.

இம்மொழிபெயர்ப்பிலே ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. வழியில்லை என்று நடுவிலுள்ள கணனி கூறுவது அக்கணத்திற்கு மட்டும் உண்மையாக இருக்கலாம். ஓர் இணைப்பு அறுந்து, மாற்றுவழி கண்டறியப்படுவதற்கு முன்னுள்ள சில வினாடிகளில் அது கூறப்பட்டிருக்கலாம். அதனை முடிந்த முடிபாகக் கொண்டு தொடர்பைத் துண்டிப்பது, பொறுமையின்மையால் விளையும் இழப்பாகும். 1989 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த ஆர்.எவ்.சி. 1122 இவ்விடயத்தைத் தெளிவுபடுத்தியது. வலையமைப்பை அல்லது கணனியை அடையமுடியவில்லை என்னும் அறிவித்தல்கள் மென்பிழைகள் என்றும், அவற்றைக் கண்டு ரி.சி.பி. தொடர்பைக் கைவிடலாகாது என்றும் அது விதித்தது. தூது கூறுவதைக் கேட்பது வேறு, அதற்கு உடனே பணிவது வேறு என்னும் உணர்வு முதன்முதலாக விதியின் உருவைப் பெற்றமை இங்கேயே எனலாம்.

நோயறியும் கருவிகள்

பிழை கூறுவதற்கு அமைந்த தூது நோயறிவதற்கும் பயன்பட்டது. 1983 ஆம் ஆண்டு டிசெம்பரில், மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனில் அமைந்திருந்த அமெரிக்க இராணுவத்தின் எறியியல் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய மைக் மூஸ், பிங் என்னும் நிரலை எழுதினார். அவ்வாண்டு நோர்வேயில் நடைபெற்ற கூட்டமொன்றில், எதிரொலிச் செய்தியைக் கொண்டு வழியின் தாமதத்தை அளக்கலாம் என டேவிட் மில்ஸ் கூறியது அவர் நினைவிலிருந்தது. தமது வலையமைப்பிலே ஒரு கோளாறு தோன்றியபோது ஒரே மாலைப்பொழுதில் அவர் அதனை எழுதி முடித்தார். நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி எழுப்பும் ஒலியே அதன் பெயராயிற்று. நிரல் இயங்குவதற்காக மூஸ் கேர்ணலிலும் வேலைசெய்ய நேர்ந்தமை குறிப்பிடத்தக்கது. பயனர் நிரலொன்று ஐ.சி.எம்.பி. செய்திகளை நேரடியாக அனுப்பவும் பெறவும் உதவும் பகுதி அப்போது அதில் முழுமை பெற்றிருக்கவில்லை.

1980களின் பிற்பகுதியில், லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், ஸ்ரீவ் டீரிங் கூறிய ஆலோசனையின்படி, ட்ரேஸ்றூட் என்னும் நிரலை ஆக்கினார். ஒவ்வொரு பொதியும் கடக்கும் நுழைவாயில்தோறும் அதன் ஆயுளெண் ஒன்று குறையும். எண் முடிந்த இடத்திலே பொதி கைவிடப்பட்டு அறிவித்தல் திரும்பும். ஆயுள் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பொதிகளை வேண்டுமென்றே குறை ஆயுளுடன் அனுப்பினால், வழியிலுள்ள ஒவ்வொரு கணனியும் முறையாகத் தன்னை வெளிப்படுத்தும். தவறுகளை வரிசைப்படித் தோற்றுவித்து, அவற்றின் மூலம் வழியின் வரைபடத்தைப் பெறும் இம்முறை, பிழை அறிவித்தலே ஓர் அறிவுச் செல்வம் என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

பணிந்தமையின் விளைவு

எல்லாத் தூதும் இவ்வாறு பயன் தரவில்லை. பொதிகள் பெருகித் தேங்கும்போது, வேகத்தைக் குறைக்குக என்று நுழைவாயில் அனுப்பும் செய்தி நெரிசலைத் தீர்க்கும் என எதிர்பார்க்கப்பட்டது. எப்போது அதனை அனுப்பவேண்டும், பெற்றவர் எவ்வளவு குறைக்கவேண்டும் என்பன தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 1984 ஆம் ஆண்டிலேயே ஜோன் நேகிள், நெரிசலால் வலையமைப்பு நிலைகுலையக்கூடும் என எச்சரித்திருந்தார். 1986 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அது நிகழ்ந்தது. லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி வளாகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 யார் தூரத்தில், வினாடிக்கு 32,000 பிற்றுக்களாக இருந்த வேகம் 40 பிற்றுக்களாக வீழ்ந்தது. 1988 ஆம் ஆண்டு ஜேக்கப்சன் வெளியிட்ட தீர்வு தூதை நாடவில்லை. பொதி சேர்ந்தமைக்கான ஒப்புதல் குறித்த நேரத்தில் வராமையையே நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, முனையிலுள்ள கேர்ணல் தானாகவே வேகத்தைக் குறைத்தது. நெரிசல் மிக்க வழியில் மேலும் செய்திகளைத் திணிக்கும் தூதிலும் பார்க்க மௌனம் தெளிவாகப் பேசிற்று. வேகங்குறைப்புச் செய்தியின் செல்வாக்கு அன்றிலிருந்து தேய்ந்து, 2012 ஆம் ஆண்டு ஆர்.எவ்.சி. 6633 மூலம் அது முறைப்படி கைவிடப்பட்டது.

பொய்த் தூதின் ஆபத்தும் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. 1989 ஆம் ஆண்டு ஏ.ரி. அன்ட் ரி. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீவன் பெலோவின் எழுதிய கட்டுரை, வேறு வழியாகச் செல்க என்னும் போலிச் செய்தியால் ஒருவரின் போக்குவரத்தைத் திசைதிருப்பலாம் என்றும், அடைய இயலவில்லை என்னும் போலிச் செய்தியால் நடப்பிலுள்ள தொடர்புகளைத் துண்டிக்கலாம் என்றும் காட்டிற்று. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களுக்கென அமைந்த வலையமைப்பு அந்நியர் பலர் கூடும் சந்தையாக மாறியபோது இவ்வெச்சரிக்கை மெய்யாயிற்று.

1996 ஆம் ஆண்டின் இறுதியில், மரணப் பிங் எனப்பட்ட தாக்குதல் பரவியது. ஐ.பி. பொதியொன்றின் உச்ச நீளம் 65,535 பைற்றுக்கள். துண்டுகளாக வந்து சேரும்போது அந்நீளத்தை மீறும் வண்ணம் ஆக்கப்பட்ட எதிரொலிச் செய்தி, பல முறைமைகளின் கேர்ணலை நிலைகுலையச் செய்தது. உண்மையில் குறை ஐ.சி.எம்.பி.யில் இல்லை, துண்டுகளைச் சேர்க்கும்போது நீளத்தைச் சரிபாராத கேர்ணலிலேயே இருந்தது. எய்தவனிருக்க அம்பை நொந்த கதையாகப் பழி பிங்கின்மேல் விழுந்தது. 1998 ஆம் ஆண்டளவில் பெருகிய ஸ்மேர்வ் தாக்குதலில், ஒரு வலையமைப்பின் எல்லாக் கணனிகளையும் நோக்கிய எதிரொலிக் கோரிக்கை, பாதிக்கப்படவேண்டியவரின் முகவரியைத் தாங்கி அனுப்பப்பட்டது. விடைகள் யாவும் அவர்மீதே குவிந்தன. அத்தகைய பொதுக் கோரிக்கைகளை வழிப்படுத்திகள் இயல்பாகவே கடத்தலாகாது என 1999 ஆம் ஆண்டு ஆர்.எவ்.சி. 2644 விதித்தது.

மௌனத்தின் கேடு

இவ்வனுபவங்களால் அஞ்சிய வலையமைப்பு நிருவாகிகள் பலர் தீயதையும் நல்லதையும் வேறுபிரிக்காது ஐ.சி.எம்.பி. முழுவதையும் தம் வாயிலிலே தடுத்தனர். இதனால் விளைந்த கேட்டை விளங்கிக்கொள்ளுதற்கு 1990 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஜெப்ரி மோகல், ஸ்ரீவ் டீரிங் ஆகியோர் எழுதிய ஆர்.எவ்.சி. 1191, ஒரு வழியால் துண்டாடாமற் செல்லக்கூடிய மிகப் பெரிய பொதியின் அளவை அறியும் முறையைக் கூறியது. துண்டாடவேண்டாம் என்னும் குறியுடன் பெரிய பொதிகள் அனுப்பப்படும். குறுகிய வழியை எதிர்ப்படும் வழிப்படுத்தி அதனைக் கைவிட்டு, தன்னால் ஏற்கக்கூடிய அளவைப் பிழை அறிவித்தலிலே குறித்து அனுப்பும். கேர்ணல் அவ்வளவை நினைவில் வைத்து, அதற்கேற்பச் சிறிய பொதிகளை அனுப்பும்.

அறிவித்தல் தடுக்கப்பட்டால் நிகழ்வது யாது? தொடர்பை ஏற்படுத்தும் சிறிய பொதிகள் தடையின்றிச் செல்லும், தொடர்பும் ஏற்படும். பெரிய தரவு செல்லத் தொடங்கியதும் அது வழியிலே மறையும். கேர்ணல் அதே அளவிலேயே மீண்டும் மீண்டும் அனுப்பும், அவையும் மறையும். பயனருக்குத் தொடர்பு கிடைத்தது போலவும் எதுவும் நடவாதது போலவும் தோன்றும். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எவ்.சி. 2923 இந்நிலையைக் கருந்துளை என்று வருணித்தது. பாதுகாப்புக்காகத் தூதை நிறுத்தியவர், தமது வாயிலுக்கு அப்பாலுள்ளவர்களின் தொடர்பையும் காரணந் தெரியாதபடி சிதைத்தார். பிழை நீங்கவில்லை, பிழையைப் பற்றிய அறிவே நீங்கிற்று.

இதற்கு மாற்றாக, 2007 ஆம் ஆண்டு ஆர்.எவ்.சி. 4821, தூதையே நம்பியிராது, சிறிய அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பெரிய பொதிகளை அனுப்பிச் சோதிக்கும் முறையை முன்வைத்தது. இழப்பிலிருந்து காரணத்தை ஊகிக்கும் இம்முறை பயன் மிக்கதே. எனினும், ஒரு வரியிற் கூறப்படக்கூடிய செய்தியைப் பல சோதனைகளால் உய்த்துணரவேண்டிய நிலை, தூதைத் தடுத்தமைக்கு அளிக்கப்பட்ட விலையாகும். வழிப்படுத்திகள் பொதிகளைத் துண்டாடாத ஆறாம் பதிப்பு ஐ.பி.யிலோ பிழை அறிவித்தல் மேலும் இன்றியமையாதது. அயற்கணனிகளைக் கண்டறிவது போன்ற அடிப்படைப் பணிகளையும் அங்கு ஐ.சி.எம்.பி.யே ஏற்றுள்ளமையால், அதனை முழுவதுந் தடுப்பவர் தமது வலையமைப்பையே முடக்கிக்கொள்வார்.

ஆராய்ந்து ஏற்றல்

தடுத்தலுக்கும் பணிதலுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. அது கேர்ணலின் உள்ளேயே உருவாயிற்று. 2004 ஆம் ஆண்டளவில் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பெர்னாண்டோ கொன்ற், போலி ஐ.சி.எம்.பி. செய்திகளால் ரி.சி.பி. தொடர்புகளைத் தாக்கும் முறைகளை ஆராயத் தொடங்கினார். 2010 ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எவ்.சி. 5927 அவற்றையும், கேர்ணல்கள் மேற்கொண்ட எதிர்நடவடிக்கைகளையும் தொகுத்துரைத்தது. அவற்றுள் முக்கியமானது, 1981 ஆம் ஆண்டின் எட்டுப் பைற்றுக்களைச் சான்றாகக் கொள்ளுதலாகும். அறிவித்தலின் உள்ளே உள்ள தொடரெண், தான் அனுப்பி இன்னமும் ஒப்புதல் பெறாத தரவுக்கு உரியதுதானா எனக் கேர்ணல் சரிபார்க்கும். வழியிலே பொதியை உண்மையாகக் கண்டவர் அவ்வெண்ணை அறிவார். தொலைவிலிருந்து பொய் கூறுபவர் ஊகிக்கவே வேண்டும். தூதுவனின் முத்திரையைக் காணமுடியாவிடினும் தூதின் உள்ளடக்கத்தைக் கொண்டு அதன் மெய்ம்மையை எடைபோடலாம் என்பது இதனாற் புலனாயிற்று.

கேர்ணல் அனுப்பும் அறிவித்தல்களுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. லினக்ஸ் கேர்ணல் 2014 ஆம் ஆண்டு முதல், வினாடிக்கு 1,000 எனவும் ஒரே வீச்சில் 50 எனவும் பொதுவான உச்சவரம்பொன்றைக் கொண்டிருந்தது. இவ்வெல்லையே புதியதொரு கசிவுக்கு வழிவகுத்தமையை, 2020 ஆம் ஆண்டு கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்தையும் சிங்குவா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். போலி முகவரியிலிருந்து 50 துறைகளைத் தட்டிய ஒருவர், உடனே தமது சொந்த முகவரியிலிருந்து மூடிய துறையொன்றைத் தட்டுவார். விடை வராவிடின் 50 துறைகளும் மூடியிருந்தன, வரம்பு தீர்ந்துவிட்டது. விடை வரின், அவற்றுள் ஏதோ ஒன்று திறந்திருந்தமையால் வரம்பு மீந்துள்ளது. இவ்வாறு இரகசியமாக இருக்கவேண்டிய துறை எண்ணைக் கண்டறிந்து, இணையப் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றும் சேவையகங்களுக்குப் பொய்விடை புகட்ட இயன்றது. அறிவித்தலை முற்றாக நிறுத்துதல் கேர்ணலை ஆக்கியோரின் விடையாகவில்லை. வரம்பின் அளவு சிறிது முன்பின்னாக மாறும்படி, எழுமாற்றான எண் ஒன்று அதிற் சேர்க்கப்பட்டது. எண்ணிக்கையை நம்பி ஊகிப்பது அதனால் இயலாததாயிற்று; தூது தொடர்ந்து சென்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிழை கூறும் தூதை மூன்று வகையாக நடத்தலாம் என்பது தெளிவாகின்றது. கூறியதையெல்லாம் நம்புதல் எளிது. அது பொய்யருக்கு இடமளித்தது. வாயிலை அடைத்து எதையும் கேளாதிருத்தலும் எளிது. அது காரணந் தெரியாத துன்பத்தை விளைத்தது. கேட்டு, சான்றை நோக்கி, அளவோடு செயற்படுதல் கடினமானது; ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஆயினும் நிலைத்து நின்றது அவ்வழியே. இழப்பு நேராத வலையமைப்பு என ஒன்றில்லை. நேர்ந்த இழப்பை அறிந்துகொள்ளும் வாய்ப்பை வைத்திருப்பதா, கைவிடுவதா என்பதே மனிதர் தெரிவுக்கு உட்பட்டது. 1981 ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட எட்டுப் பைற்றுக்கள் முப்பதாண்டுகளின் பின்னும் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய உதவியமை, அவ்வாய்ப்பைக் கைவிடாதோர்க்குக் கிடைத்த பயன் எனக் கொள்ளுதல் பொருந்தும்.